ஊர்வலப் பாதையில் ஏதென்ஸ்: இடிபாடுகளையும் அவற்றைச் சூழ்ந்த பழைய தெருக்களையும் நடந்து பார்க்கும் முறை

ஏதென்ஸ் நகருக்கு வருகிறவர்களில் பலர் முதல் நாள் காலையிலேயே அக்ரோபோலிஸ் குன்றில் ஏறி, பார்த்தெனான் கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெயில் முற்றுவதற்குள் இறங்கி, மறுநாள் ஏதேனும் ஒரு தீவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். உச்சியைக் கண்டாலே நகரத்தைக் கண்டதாகிவிடும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் அந்த உச்சியில் கோயில் எழுப்பியவர்கள் அதை ஒரு பாதையின் முடிவாகவே கருதினார்கள். நகரின் வடமேற்கு வாயிலில் புறப்பட்டு, குயவர் குடியிருப்பின் ஓரமாகவும் பொதுவெளியின் ஊடாகவும் நடந்து, சரிவில் ஏறி, கடைசியில்தான் கோயிலை அடைய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. அதே ஒழுங்கில், வழியிலுள்ள பழைய குடியிருப்புகளையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

அதீனா தேவிக்குக் கோடைகாலத்தில் எடுக்கப்பட்ட பனதெனையா விழா, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருவிழாவாக நடந்தது. டிப்பிலான் என்னும் இரட்டை வாயிலில் மக்கள் கூடி, பலிக்குரிய மாடுகளும் குதிரை வீரர்களும் உடன்வர, அகோரா என்னும் பொதுவெளியைக் குறுக்காகக் கடந்து குன்றேறி, நகரத்துப் பெண்கள் நெய்த பெப்லாஸ் என்னும் ஆடையை அதீனாவின் பழைய ஒலிவமரத் திருமேனிக்குச் சாத்தினார்கள். ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் பெரும்பகுதியை இன்றும் கண்ணால் தொடர முடிகிறது. இடையில் ஒரு ரயில் பாதையும் சில தெருக்களும் அதை வெட்டிச் செல்கின்றன, அவ்வளவே. பார்த்தெனானின் உட்சுவர் உச்சியைச் சுற்றிலும் செதுக்கப்பட்டிருந்த 160 மீட்டர் நீளச் சிற்பப் பட்டை காட்டுவது இந்த விழாவின் ஊர்வலத்தையே என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து. அதனால்தான் பாதையை முதலில் நடந்துவிட்டு, கோயிலை அடுத்துப் பார்த்து, சிற்பப் பட்டையை இறுதிக்கு வைத்துக்கொள்ளுமாறு சொல்கிறேன்.

காலம், நுழைவுச்சீட்டு, காலணி

இதற்கு இரண்டு முழு நாள்கள் வேண்டும். முதல் நாள் காலையில் கெராமைகோஸும் அகோராவும், மாலையில் மொனாஸ்டிராகி, பிளாக்கா தெருக்களும். இரண்டாம் நாள் காலையில் அக்ரோபோலிஸும், வெயில் நேரத்தில் அதன் அருங்காட்சியகமும் என்று பிரித்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். மூன்றாம் நாள் கிடைத்தால் மேற்கிலுள்ள குன்றுகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களே நடப்பதற்கு ஏற்றவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெப்பம் 40 பாகையைத் தொடுவதுண்டு. குன்றின் மேல் நிழல் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வெப்ப அலை வீசும் நாள்களில், 2023 ஜூலையில் செய்ததுபோல, நண்பகல் தொடங்கி மாலை வரை அக்ரோபோலிஸை மூடிவிடுகிறார்கள். எனவே கோடையில் செல்கிறவர்கள் காலை 8 மணிக்குத் திறக்கும்போதே நுழைவதற்கான சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் வெயில் இதமாக இருந்தாலும் தொல்லிடங்களைப் பிற்பகலிலேயே மூடிவிடுவதால், மாலையை நம்பித் திட்டமிட முடியாது.

அக்ரோபோலிஸுக்கு ஒரு நாளில் 20,000 பேர் என்ற வரம்பு 2023 முதல் நடைமுறைக்கு வந்து, மணிக்கணக்கில் நுழைவு பிரிக்கப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் இதன் கட்டணம் 30 யூரோ. பல இடங்களுக்கும் சேர்த்து முன்பு விற்கப்பட்ட கூட்டுச்சீட்டு அப்போதே நிறுத்தப்பட்டுவிட்டதால், அகோராவுக்கும் கெராமைகோஸுக்கும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டும். பழைய பயண நூல்களில் கூட்டுச்சீட்டைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் வேறொரு நிறுவனம். அதற்கு வேறு சீட்டு. அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்கினால் இடைத்தரகர்கள் சேர்க்கும் கூடுதல் கட்டணம் மிச்சமாகும்.

ஜனவரி 1, மார்ச் 25, மே 1, கிரேக்க ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாள்களில் எல்லா இடங்களும் மூடப்பட்டிருக்கும். மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, செப்டம்பரின் கடைசி சனி ஞாயிறு, அக்டோபர் 28 ஆகியவையும், நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும் கட்டணமில்லாத நாள்கள். அன்று அக்ரோபோலிஸில் கூட்டம் நெருக்கும் என்பதால், அதைக் கட்டண நாளில் பார்த்துவிட்டு, இலவச நாளை அகோராவுக்கு வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

பல நூற்றாண்டுகளாக மிதிபட்ட பளிங்கு கண்ணாடிபோல் வழுக்கும். வெயிலில் காய்ந்திருக்கும்போதும் வழுக்கும், மழை பெய்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பிடிப்புள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி அணிய வேண்டும்; குதிகால் உயர்ந்த காலணிகளுக்கு அனுமதியே இல்லை. பெரிய பைகளை உள்ளே எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். ஆளில்லாக் குட்டி விமானங்களைப் பறக்கவிடக் கூடாது. தரையில் கிடக்கும் சிறு கல்லானாலும் அதை எடுத்துவருவது கிரேக்கச் சட்டப்படி குற்றம்.

கெராமைகோஸ்: தொடங்கும் இடம்

தீசியோ ரயில் நிலையத்தில் இறங்கி, எர்மு தெருவில் மேற்கு நோக்கிச் சில நிமிடங்கள் நடந்தால் கெராமைகோஸின் நுழைவாயில் வந்துவிடும். கெராமைகோஸ் என்ற பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஆனால் அது காஸி பகுதியில், தொல்லிடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், தீசியோவில் இறங்குவதே எளிது. அக்ரோபோலிஸில் கூட்டம் நெரியும் நாள்களில்கூட இங்கே ஆள்நடமாட்டம் குறைவாகவே இருக்கும். நாணல் வளர்ந்த எரிடனோஸ் ஓடையையும் புல்லில் ஊர்ந்து திரியும் ஆமைகளையும் பார்த்தபடி, யாருடைய தோளிலும் இடிக்காமல் நடக்கலாம்.

முதலில் மதிலைப் பாருங்கள். பாரசீகப் படை கி.மு. 480-இல் நகரை எரித்துவிட்டுப் போனபின், அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் அறிவுரைப்படி ஏதென்ஸ் மக்கள் அவசர அவசரமாக எழுப்பிய மதில் இது. கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம், கல்லறைக் கற்களையும் உடைந்த சிலைகளையும்கூட, அடித்தளத்தில் போட்டுக் கட்டினார்கள். இந்த மதிலில் அருகருகே இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று, எலெஃப்சினா என்று இன்று வழங்கும் எலூசிஸ் நகருக்குப் போகும் புனிதப் பாதை வெளியேறிய வாயில், மற்றொன்று டிப்பிலான். பழைய கிரேக்க நகர்களில் நாமறிந்த வாயில்களுள் இதுவே மிகப் பெரியது. இரண்டுக்கும் இடையே, தூண் வரிசைகளின் அடிப்பகுதியுடன் ஒரு பெரிய முற்றத்தின் அடையாளம் தெரிகிறதல்லவா, அது ஊர்வலத்துக்குரிய கலங்களை வைத்திருந்த பொம்பெயான் என்னும் கட்டடம். நீங்கள் நடக்கப்போகும் பாதை இங்கேதான் தொடங்குகிறது.

பாதையைத் தொடர்வதற்கு முன் மதிலுக்கு வெளியேயுள்ள கல்லறைத் தெருவில் அரை மணி நேரமாவது செலவிட வேண்டும். குதிரைமேல் அமர்ந்து எதிரியை வீழ்த்தும் இளைஞனின் புடைப்புச் சிற்பம், கி.மு. 394-இல் கொரிந்துப் போரில் இறந்த டெக்ஸிலியோஸ் என்பவனுடையது. அவன் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கல்வெட்டு குறிப்பிடுவதால், சாகும்போது அவனுக்கு 20 வயது என்று அறிகிறோம். பழங்கால ஏதென்ஸின் கல்லறைக் கல்வெட்டுகளில் இது மிக அரிது. தெருவில் நிற்பது நகலே. மூலச் சிற்பம் வளாகத்துக்குள்ளேயே உள்ள சிறிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போரில் இறந்தவர்களை நகரம் தன் செலவில் அடக்கம் செய்த பொதுக் கல்லறைகள், டிப்பிலானிலிருந்து அகாடெமி என்னும் தோப்பை நோக்கிச் சென்ற சாலையின் இருபுறமும் இருந்தன. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலோபொனேசியப் போரின் முதலாண்டில் இறந்தவர்களுக்காக ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் ஆற்றியதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்த உரை அந்தச் சாலையைச் சார்ந்தது.

அகோரா: வாசிக்கக் கற்றுக்கொள்ளும் இடம்

கெராமைகோஸிலிருந்து வெளியே வந்து, அட்ரியானு தெருவை அடைந்தால், ரயில் பாதைக்கு மேலாக அகோராவின் வடக்கு வாயிலுக்குச் செல்லலாம். ஏதென்ஸையும் பிரேயஸ் துறைமுகத்தையும் இணைத்து 1869-இல் தீசியோ வரை வந்த ரயில் பாதை, 1895-இல் ஓமோனியா வரை நீட்டிக்கப்பட்டபோது அகோராவின் வடபகுதியை அறுத்துக்கொண்டு சென்றது. நகரிலிருந்து மற்ற ஊர்களுக்குள்ள தொலைவை எங்கிருந்து அளந்தார்களோ, அந்தப் பன்னிரு தெய்வங்களின் பலிபீடம் இன்று பெரும்பாலும் தண்டவாளங்களுக்கு அடியில் கிடக்கிறது. அதன் ஒரு மூலை மட்டுமே வெளியே தெரியும்.

உள்ளே கால்வைக்கும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இந்த வெளி எப்போதும் வெளியாகவே இருந்ததில்லை. 1931-இல் அமெரிக்கத் தொல்லியல் பள்ளி அகழாய்வைத் தொடங்கியபோது இங்கே வ்ரிசாகி என்ற குடியிருப்பு இருந்தது. 300-க்கும் மேற்பட்ட வீடுகளை விலைக்கு வாங்கி இடித்த பிறகே பழைய அகோரா வெளிப்பட்டது. அந்தக் குடியிருப்பில் இடிபடாமல் எஞ்சியது, ஏறத்தாழ கி.பி. 1000-ஐச் சேர்ந்த புனித அப்போஸ்தலர்கள் தேவாலயம் மட்டுமே. ஒரு காலத்தைப் பார்ப்பதற்காக இன்னொரு காலத்தை அழிப்பது சரியா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. வாழ்ந்த வீடுகளை விட்டுப்போனவர்களை நினைக்காமல் இந்த இடிபாடுகளை வியப்பது மட்டும் நேர்மையாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாதையை விட்டு விலகி முதலில் மேற்குத் திட்டின் மேலுள்ள ஹெஃபைஸ்டஸ் கோயிலுக்குச் செல்லுங்கள். பார்த்தெனான் கட்டப்பட்ட அதே தலைமுறையில், அதே பென்டெலி மலைப் பளிங்கில் எழுந்த கோயில் இது. ஏழாம் நூற்றாண்டையொட்டித் தேவாலயமாக மாற்றப்பட்டுத் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்ததால், 34 வெளித்தூண்களும், முக்கோண முகப்பும், உத்தரங்களும் கலையாமல் நிற்கின்றன. டோரிக் என்னும் எளிய தூண் பாணிக் கோயில் முழுமையாக இருந்தால் எப்படியிருக்கும் என்பதை இங்கே மனத்தில் பதித்துக்கொண்டால், மறுநாள் பார்த்தெனானில் இல்லாத பகுதிகளை நீங்களே நிரப்பிக்கொள்ள முடியும்.

கீழே இறங்கினால் முழங்கால் உயர அடித்தளங்கள் மட்டுமே தெரியும். பலர் இங்கே சலிப்படைவதையும் பார்க்கிறோம். சில குறிப்புகளைத் தெரிந்துகொண்டால் இந்தக் கற்கள் பேசத் தொடங்கும். சொரசொரப்பாக, பழுப்பு நிறத்தில் இருப்பது சுண்ணாம்புக் கல்; பெரும்பாலும் அடித்தளத்துக்கோ மலிவான கட்டடத்துக்கோ பயன்பட்டது. வெள்ளையாக, காலத்தால் தேன்நிறம் ஏறியிருப்பது பென்டெலிப் பளிங்கு. செங்கல்லும் சாந்தும் தென்பட்டால் அது ரோமர் காலத்தையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது, ஏனென்றால் செவ்வியல் கால ஏதென்ஸில் வெட்டிய கற்களைச் சாந்தில்லாமலேயே அடுக்கினார்கள். கற்களின் மேற்பரப்பில் பள்ளங்கள் இருக்கும். அவை இரண்டு கற்களை இணைத்த இரும்புக் கவ்விகளுக்காக வெட்டப்பட்டவை. கவ்வி துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். பிற்காலத்தவர் அந்த உலோகத்துக்காகவே கல்லைக் குடைந்ததால், பல இடங்களில் பள்ளத்தைச் சுற்றிலும் சிதைந்திருப்பதைக் காணலாம்.

இந்தக் கண்ணோடு மேற்கு ஓரத்தில் நடந்தால், ஐந்நூற்றுவர் மன்றம் கூடிய கட்டடத்தையும், அதன் முறைக்காரர்கள் உணவருந்திய வட்ட வடிவ தோலோஸையும், பத்துக் குலத்தலைவர்களின் சிலைகள் நின்ற நீண்ட பீடத்தையும் அடையாளம் காணலாம். முன்மொழியப்பட்ட சட்டங்களையும் படைக்கு அழைக்கப்பட்டவர்களின் பெயர்களையும் அந்தப் பீடத்தில்தான் ஒட்டிவைத்தார்கள்.

கிழக்கு ஓரத்தில் நீண்டு நிற்கும் அத்தாலோஸின் ஸ்டோவா பழங்காலக் கட்டடமன்று. பெர்கமோன் அரசன் இரண்டாம் அத்தாலோஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த கடைவீதி மண்டபத்தை, 1952 முதல் 1956 வரை அதே இடத்தில் அதே அளவில் மீண்டும் எழுப்பினார்கள். இதைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. தூண் வரிசையின் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால், கிரேக்க நகர வாழ்வு ஏன் இத்தகைய மண்டபங்களில் நடந்தது என்பது உடலுக்கே புரிகிறது. உள்ளே அகோராவின் அருங்காட்சியகம் இருக்கிறது. நீதிமன்ற நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கல்கருவியான கிளெரோடெரியோனையும், நாடுகடத்த விரும்பியவரின் பெயரைக் கீறி மக்கள் இட்ட மண்பாண்டச் சில்லுகளையும் தவறவிடாதீர்கள். தெமிஸ்டோக்ளிஸின் பெயர் எழுதிய 190 சில்லுகள் குன்றின் வடசரிவில் ஒரே கிணற்றில் கிடைத்தன. அவற்றை எழுதியவை 14 கைகளே. முன்கூட்டியே எழுதிவைத்து மக்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது இதனால் தெளிவாகிறது. கெராமைகோஸில் அவருடைய மதிலைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தச் சில்லுகள் வேறுவிதமாகத் தோன்றும்.

அகோராவின் தென்கோடியில் மேல்வாயில் திறந்திருக்கிறதா என்று காவலரிடம் கேளுங்கள். திறந்திருந்தால் ஊர்வலப் பாதையே உங்களை ஏரியோபகஸ் பாறையின் அடிவாரம் வரை கொண்டுபோய்விடும். ஊர்வலப் பாதையில் இன்றைய நடையை அங்கே நிறுத்திவிட்டு, மாலையில் அடுத்த பகுதிக்குப் போகலாம். மூடியிருந்தால் அட்ரியானு தெரு வழியே வெளியேறி, அடுத்த பகுதிக்குப் போகலாம்.

மொனாஸ்டிராகியும் பிளாக்காவும்

இந்தக் குடியிருப்புகளைத் தொல்லிடங்களுக்கு நடுவே சாப்பிடவும் நினைவுப்பொருள் வாங்கவும் மட்டுமே உரிய இடங்களாகக் கருதுவதுதான் பயணிகள் செய்யும் பெரிய தவறு. இடிபாடுகளுக்கும் நமக்கும் இடைப்பட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் இங்கேதான் இருக்கின்றன.

மொனாஸ்டிராகி மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கினால், காலையில் கெராமைகோஸில் பார்த்த அதே எரிடனோஸ் ஓடை, ரோமர் கட்டிய செங்கல் கால்வாயில் ஓடியதைக் காணலாம். மேலே சதுக்கத்தில், 1759-இல் ஒட்டோமான் ஆளுநர் ட்ஸிஸ்டராகிஸ் கட்டிய மசூதி நிற்கிறது. சாந்துக்குச் சுண்ணாம்பு வேண்டிப் பழைய கோயில் தூண் ஒன்றை அவர் உடைத்தார் என்று சொல்லப்படுகிறது. அதை ஒட்டியே பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 132-இல் எழுப்பிய நூலகத்தின் சுவர். சற்றுத் தெற்கே ரோமன் அகோராவில், எண்கோண வடிவில் நிற்பது காற்றுகளின் கோபுரம்: எட்டுப் பக்கங்களிலும் எட்டுக் காற்றுகளின் உருவங்கள், வெளியே சூரியக் கடிகாரக் கோடுகள், உள்ளே ஒரு காலத்தில் நீர்க்கடிகாரம். ஒட்டோமான் காலத்தில் தர்வேசுகள் என்னும் சூஃபித் துறவிகள் இதைத் தம் வழிபாட்டுக் கூடமாக வைத்திருந்ததே இது இவ்வளவு முழுமையாகத் தப்பியதற்குக் காரணம். பயன்பாட்டில் இருந்த கட்டடமே பிழைத்திருக்கிறது என்பதை ஹெஃபைஸ்டஸ் கோயிலுக்கு அடுத்து இங்கே இரண்டாம் முறையாகக் காண்கிறோம். சதுக்கத்திலும், பிரேயஸ் செல்லும் பச்சை வழி ரயிலிலும் ஜேப்படித் திருடர்கள் உண்டு. பையை முன்புறமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

பேராலயத்தின் அருகில் ஒடுங்கி நிற்கும் சிறிய மெட்ரோபோலிஸ் தேவாலயத்தின் நான்கு சுவர்களையும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். பழைய கோயில்களிலிருந்தும் கல்லறைகளிலிருந்தும் எடுத்த புடைப்புச் சிற்பங்களையே கல்லாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் பின்னாளில் சிலுவை வெட்டிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கட்டணம் ஏதுமில்லாமல், தெருவில் நின்றபடியே பார்க்கக்கூடிய அருங்காட்சியகம் என்று இதைச் சொல்லலாம்.

அங்கிருந்து தெற்கே பிளாக்கா தொடங்குகிறது. அட்ரியானு, கிடதினேயன் தெருக்களில் கடைகளும் உணவகங்களும் நெருங்கியிருக்கும். வாசலில் நின்று வற்புறுத்தி அழைப்பவர்களும் இருப்பார்கள். ஒரே ஒரு தெரு மேலே ஏறிவிட்டால் போதும், ஓசை அடங்கிவிடும். டிரிபோதோன் தெரு பழங்காலத்திலிருந்தே அதே தடத்தில் கிடக்கிறது. நாடகக் குழுக்களுக்குச் செலவு செய்து வென்றவர்கள் தாங்கள் பெற்ற வெண்கல முக்காலிகளை இந்தத் தெருவோரம் நிறுத்திவைத்தார்கள். அவற்றுள் ஒன்றைத் தாங்கிய லிசிக்ரட்டீஸின் நினைவுச்சின்னம், கி.மு. 334 முதல் அதே இடத்தில் நிற்கிறது. இலை வடிவத் தலைப்பு கொண்ட கொரிந்தியத் தூண்களைக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் பயன்படுத்தியதற்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று இதுவே. 17-ஆம் நூற்றாண்டில் கப்பூச்சின் துறவிகள் இதைத் தம் மடத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலக் கவிஞர் பைரன் அந்த மடத்தில் தங்கியிருந்தார்.

1834-இல் ஏதென்ஸ் தலைநகரானபோது அது ஒரு சிற்றூர் அளவே இருந்தது. புதிய கிரேக்க நாட்டின் அரசர் ஓட்டோவின் அரண்மனையையும் புதிய வீடுகளையும் கட்டுவதற்காக அனஃபி தீவிலிருந்து வந்த கொத்தனார்கள், அக்ரோபோலிஸ் பாறைக்கு நேர் கீழே தங்கள் தீவில் உள்ளவைபோன்ற சிறிய வெள்ளை வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அனஃபியோடிகா என்னும் அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதி பிற்காலத்தில் தொல்லியல் பணிகளுக்காக இடிக்கப்பட்டாலும், மீதி வீடுகளில் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். இருவர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள் அவை. உரத்துப் பேசாமலும், சன்னல்களுக்குள் எட்டிப்பார்க்காமலும், வாசற்படிகளில் உட்கார்ந்து படம் எடுக்காமலும் நடப்பது நம் கடமை. மாலை வெயிலில் இங்கிருந்து தலையை உயர்த்தி, அக்ரோபோலிஸின் வட மதிலைப் பாருங்கள். மதிலுக்குள் வரிசையாகத் தூண் துண்டங்கள் பதிந்திருக்கும். கி.மு. 480-இல் பாரசீகர் அழித்தபோது கட்டி முடிக்கப்படாமல் இருந்த முந்தைய பார்த்தெனானின் துண்டங்கள் அவை. நகரம் முழுவதும் காணும்படி மதிலில் வைத்தார்கள். குன்றின் மேல் நிற்பவருக்கு இவை தெரியாது. கீழே தெருக்களில் நடப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி இது.

தங்குவதற்கு பிளாக்காவோ, குன்றின் தெற்கேயுள்ள மக்ரிகியானி, குகாகி பகுதிகளோ அமைதியானவை. ப்ஸிரி பகுதி மாலையில் சுற்ற நன்றாயிருக்கும். இரவில் உறங்க நன்றாயிராது.

குன்றின் மேல்

அக்ரோபோலிஸுக்கு இரண்டு நுழைவாயில்கள் உள்ளன. தென்கிழக்கு வாயிலில் வரிசை குறைவு என்பதால் பலர் அதைப் பரிந்துரைப்பார்கள். ஆனால் நேற்று நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறவர், முதல் மணிக்கான சீட்டுடன் மேற்கு வாயிலில் நுழைந்து, தென்சரிவின் வழியே இறங்கித் தென்கிழக்கு வாயிலில் வெளியேறுவதே சிறந்தது. அருங்காட்சியகம் அந்த வாயிலுக்கு எதிரில்தான் இருக்கிறது. ஏற முடியாதவர்களுக்காக வடபுறத்தில் மின்தூக்கி இருக்கிறது. 2020-இல் அதைப் புதுப்பித்தார்கள்.

புரோபிலேயா என்னும் நுழைவு மண்டபம் கி.மு. 437-இல் தொடங்கப்பட்டு, பெலோபொனேசியப் போர் நெருங்கியதால் 432-இல் நிறுத்தப்பட்டது. அதன் சுவர்களில் ஆங்காங்கே புடைத்துக்கொண்டிருக்கும் குமிழ்கள், கற்களைத் தூக்குவதற்காக விடப்பட்டவை. வேலை முடிந்திருந்தால் அவற்றைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். போரின் தடயம் இப்படியும் கல்லில் தங்கிவிடுகிறது.

மண்டபத்தைக் கடந்ததும் தெரிவது பார்த்தெனானின் பின்புறம் என்பதைப் பலர் அறிவதில்லை. கோயிலின் வாசல் கிழக்கில் இருக்கிறது. ஆகவே வடபக்கமாக நடந்து கிழக்கு முகப்பை அடைய வேண்டும். ஊர்வலமும் அப்படித்தான் சென்றது. இக்டினோஸ், கல்லிக்ரட்டீஸ் ஆகியோரைக் கட்டடக் கலைஞர்களாகவும், ஃபிடியாஸைச் சிற்ப வேலைகளின் தலைவராகவும் கொண்டு, கி.மு. 447-இல் தொடங்கி 432-இல் நிறைவுற்ற கட்டடம் இது. மூலையில் நின்று, மேற்படியின் விளிம்பை ஒட்டிக் கண்ணை ஓடவிட்டால், அது நேர்கோடாக இல்லாமல் நடுவில் மெல்ல உயர்ந்திருப்பது தெரியும். நீண்ட பக்கங்களில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர், குறுகிய பக்கங்களில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். தூண்கள் உட்புறமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன, இடையில் மெல்லப் பருத்துமிருக்கின்றன. ஆகவே இதிலுள்ள கற்களை ஒன்றுக்கொன்று மாற்றி வைக்க முடியாது. ஒவ்வொன்றும் தன் இடத்துக்கென்றே வெட்டப்பட்டது.

கோயிலாகவும், தேவாலயமாகவும், மசூதியாகவும் இருந்து ஏறக்குறைய முழுமையாக நின்ற கட்டடம், 1687 செப்டம்பர் 26 அன்று, உள்ளே வைத்திருந்த ஒட்டோமான் வெடிமருந்தின் மேல் வெனிசியப் படையின் குண்டு விழுந்ததால் சிதறியது. 1801 முதல் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். 1816-இல் அவை பிரிட்டிஷ் அரசுக்கு விற்கப்பட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் ஈயப் பூச்சில்லாத இரும்புக் கவ்விகளைப் பயன்படுத்தியதால், அவை துருப்பிடித்து வீங்கிப் பளிங்கையே பிளந்தன. 1975-இல் அமைக்கப்பட்ட குழுவின் பணியில் அவற்றை அகற்றி டைட்டேனியம் வைக்கிறார்கள். உடைந்த கல்லில் பொருத்தியிருக்கும் பளிச்சென்ற வெள்ளைத் துண்டுகள் அதே பென்டெலி மலையின் புதிய பளிங்கு. எது பழையது, எது புதியது என்பது பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நிறத்தை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். சாரத்தையும் பாரந்தூக்கியையும் கண்டு ஏமாற்றமடைய வேண்டாம். அந்த வேலையையும் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

ஆடை சாத்தப்பட்ட ஒலிவமரத் திருமேனியின் இருப்பிடம் பார்த்தெனானன்று; வடக்கேயுள்ள எரெக்தியான் கோயில். அதன் தென் மண்டபத்தைத் தாங்கும் ஆறு பெண்ணுருவத் தூண்களும் இன்று நகல்களே. பின்னர் வட மதிலோரம் நின்று, கெராமைகோஸ், ஹெஃபைஸ்டஸ் கோயில், ஸ்டோவா, மொனாஸ்டிராகி என்று நேற்று நடந்த இடங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணுங்கள்.

இறங்கும் வழியில் ஹெரோடிஸ் அட்டிகஸின் இசையரங்கை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் போதும். டயோனிசஸ் அரங்கில் சற்று உட்காருங்கள். சோஃபோக்ளிஸ், யூரிபிடீஸ், அரிஸ்டோஃபனீஸ் ஆகியோரின் நாடகங்கள் முதலில் நடந்த இடம் அது. இன்று தெரியும் கல்லிருக்கைகள் அவர்கள் காலத்துக்குப் பிந்தியவை.

அருங்காட்சியகம்

2009-இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் கண்ணாடித் தரைக்குக் கீழே, கட்டுமானத்தின்போது வெளிப்பட்ட பழைய குடியிருப்பின் தெருக்களும் வீடுகளும் கிணறுகளும் தெரிகின்றன. எரெக்தியானின் மூலப் பெண்ணுருவங்களில் ஐந்து இங்கே நிற்கின்றன; லண்டனில் இருக்கும் ஆறாவதற்கு இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது.

மேல்தளம் பார்த்தெனானின் அதே திசையில், அதே அளவில் அமைந்திருக்கிறது. சிற்பப் பட்டையை மேற்குப் பக்கத்தில் தொடங்குங்கள். அங்கே குதிரைவீரர்கள் ஆயத்தமாகிறார்கள். வடபக்கமாக நடந்தால் குதிரைகள் விரைகின்றன, தேர்கள், பலிமாடுகள், நீர்க்குடம் சுமப்பவர்கள் என்று வரிசை நீள்கிறது. கிழக்கில் அமர்ந்திருக்கும் தெய்வங்களின் நடுவே ஓர் ஆணும் ஒரு குழந்தையும் ஆடையை மடிக்கிறார்கள். தேன்நிறக் கற்கள் மூலம். வெள்ளைச் சுண்ணச்சாந்துப் பலகைகள் வேறு நாடுகளில் உள்ளவற்றின் நகல்கள். ஏறத்தாழ 50 மீட்டர் இங்கே இருக்கிறது, ஏறத்தாழ 80 மீட்டர் லண்டனில். ஊர்வலத்தின் நோக்கமான அந்த ஆடைக் காட்சியும் இங்கே வெள்ளை நகலாகத்தான் இருக்கிறது. பாதை முழுவதையும் நடந்துவிட்டு அதன்முன் நிற்கும்போது, அந்தச் சிற்பங்கள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியில் எனக்கு ஐயமே எழுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரவு 10 மணி வரை திறந்திருப்பதால், அன்று மாலை இரண்டாம் முறை வருவது நல்லது.

மூன்றாம் நாள் இருந்தால்

ஒலிம்பியன் ஸீயஸ் கோயிலில் 104 தூண்களில் 15 நிற்கின்றன. 1852-இன் புயலில் விழுந்த ஒன்று விழுந்தபடியே கிடக்கிறது. வேலிக்கு வெளியிலிருந்தே ஓரளவு தெரிவதால், நேரமில்லாதவர்கள் உள்ளே போகாமலும் விடலாம்.

பினிக்ஸ் குன்றை மட்டும் விடக் கூடாது. ஏதென்ஸின் மக்கள் மன்றம் கூடிய அந்தச் சரிவில், பேச்சாளர் நின்ற மேடை பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. முக்கியமான சில முடிவுகளுக்கு 6,000 பேர் கூட வேண்டியிருந்தது. பினிக்ஸுக்கும், அருகிலுள்ள ஃபிலோப்பாப்போஸ் குன்றுக்கும் கட்டணமில்லை. கட்டடக் கலைஞர் டிமிட்ரிஸ் பிகியோனிஸ் 1954 முதல் 1957 வரை, இடிக்கப்பட்ட வீடுகளின் கற்களையும் பளிங்குத் துண்டுகளையும் பதித்து அமைத்த நடைபாதை இந்தக் குன்றுகளில் ஏறுகிறது. சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் ஏரியோபகஸ் பாறையில் நெருக்கியடித்து நிற்பார்கள்; அது மிகவும் வழுக்கும் பாறை, இருட்டில் இறங்குவது ஆபத்து. அதே காட்சி பினிக்ஸிலிருந்து அகலமாகவும் அமைதியாகவும் கிடைக்கும். கோடையில் நீரும் சிறு கைவிளக்கும் எடுத்துக்கொண்டு, மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறி, விளக்கு வெளிச்சமுள்ள அப்போஸ்தலு பாவ்லு நடைத்தெரு வழியாக தீசியோ நிலையத்துக்கு இறங்கிவிடலாம்.